பேர் கூப்பிடுகிற மதாம்

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுத வேண்டுமென்றால் முதலில் தெரிந்திருக்க வேண்டும். ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரின் பெயரையும் கூப்பிட்டவரை, யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மதாம் என்றால் அவர்தான். பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகும் புதுச்சேரியில் அந்த நாளில் மதாம்கள் நிறையப் பேர் இருந்தார்கள். பள்ளிக்கூட மதாம், பென்ஷன் மதாம், நாய் வளர்க்கிற மதாம். ஆனால் நெல்லித்தோப்புப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் "மதாம் வருது" என்று ஒரு பிள்ளை சொன்னால், மற்ற பிள்ளைகள் வாயில் இருக்கிற இட்லியை மென்று முடிக்காமலே ஓடும்.

எனக்கு முதலில் குரல்தான் அறிமுகம். எழுபதுகளின் நடுவில் ஒரு வருடம், திருவிழாவுக்கு முன்னால் மாதா கோயிலுக்கு வெள்ளையடிக்க மேஸ்திரி ஒருவர் ஆள் சேர்த்தார். அதற்கு முன் நான் ஒரு லாரியில் கிளீனராக இருந்தேன். டிரைவரோடு சண்டை வந்து திண்டிவனத்தில் இறக்கிவிட்டார். அங்கிருந்து நடந்து வந்திருந்தேன். வயது இருபத்திரண்டோ மூன்றோ. படிப்பு ஐந்தாம் வகுப்பு, அதிலும் பாதிதான்.

ஏணிமேல் நின்று சுண்ணாம்பு மட்டையை இழுத்துக்கொண்டிருந்தேன். கீழே பக்கத் தாழ்வாரத்தில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். புதுநன்மை, அதாவது முதல் தடவையாக நற்கருணை அப்பம், வாங்கப்போகிற பிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பு. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மாள், மடக்கிய குடையைத் துப்பாக்கி மாதிரி தோளில் சாய்த்துக்கொண்டு பெயர் கூப்பிட்டார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பிள்ளை "பிரெசான்" என்று கத்தியது. எனக்கு அது ஏதோ இருமல் மருந்தின் பெயர் மாதிரி இருந்தது. 'இருக்கிறேன்' என்பதற்குப் பிரெஞ்சில் அப்படிச் சொல்வார்கள் என்று பிறகு தெரிந்தது.

கடைசிப் பெயர் முடிந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"மேல யாரு?"

"வெள்ளையடிக்கிற ஆளுங்க."

"அது தெரியுது, என் பொடவ மேலதான சொட்டுது. பேரு இன்னா?"

சொன்னேன்.

"வேதக்காரனா?"

"அம்மா ஞானஸ்நானம் குடுத்துச்சாம். எந்த ஊருக் கோயில்லன்னு அதுக்கே ஞாபகம் இல்லீங்க. கரும்பு வெட்டப் போன எடத்துல."

"நன்ம வாங்கினியா?"

"இல்லீங்க."

"அப்பறம் இன்னாத்துக்கு ஏணி மேல நிக்கிற? எறங்கி வந்து வரிசையில ஒக்காரு."

அப்படித்தான் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளின் வரிசைக் கடைசியில், சுண்ணாம்பு அப்பிய முழங்காலைக் கட்டிக்கொண்டு நான் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் இருந்த லூர்து என்கிற பையன் திரும்பிப் பார்த்து, "நீ எத்தினி வருசம் பெயிலு?" என்று கேட்டான்.

மதாமிடம் நோட்டு கிடையாது. பெயர்கள் எல்லாம் வாயில்தான். அவை வீட்டு வரிசையில் வரும். கோயில் வாசலில் இறங்கித் திரும்பினால் முதல் வீடு அந்தோணி. அடிபம்புக்கு எதிரில் லூர்து. சோடா கம்பெனி தாண்டினால் செசிலி. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் தெருவில் நடந்து போகிற மாதிரியே இருக்கும். நான் சப்பரம் நிறுத்தும் கொட்டகையில் படுத்துக்கொண்டிருந்தேன், எனக்கு வீடு இல்லை. என்னை எங்கே செருகுவது என்று கொஞ்சம் யோசித்தார்.

"தெரு முடியற எடத்துல வச்சிக்கிறேன்" என்றார். என் பெயரில் ஏற்கெனவே ஒரு பையன் இருந்ததால் என்னைச் 'சுண்ணாம்பு' ஆக்கினார். மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. அதைவிட மோசமான பெயர்கள் எனக்கு லாரியில் இருந்தன.

பெயர் கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் மதாம் அடுத்த பெயருக்குப் போக மாட்டார். "எங்க?" என்று கேட்பார். வராத பிள்ளை எங்கே என்று வேறொரு பிள்ளை சொல்ல வேண்டும். காய்ச்சல், கடலூரில் கல்யாணம், நேற்று வாங்கிய அடி, எதுவானாலும் சரி. ஒருவருக்கும் தெரியவில்லை என்றால் குடை உயரும். வகுப்பு முழுவதும் எழுந்து, இரண்டிரண்டு பேராக அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு நடக்கும். கடைசியில் நானும் நடப்பேன். தெருவில் போகிறவர்கள் என்னை ஏதோ பிடிபட்டவன் மாதிரிப் பார்ப்பார்கள்.

ஒருமுறை லூர்து சலூனில் பாதித் தலையோடு அகப்பட்டான். வகுப்பு முழுவதும் கடைக்குள் நுழைந்து, மீதித் தலை முடிகிறவரை அங்கேயே பத்துக் கட்டளைகளை ஒப்பித்தது. விபசாரம் செய்யாதே என்கிற ஆறாவது கட்டளை வந்தபோது சலூன்காரர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டார்.

"இந்த வயசுப் பசங்களுக்கு இதையெல்லாமா சொல்லித் தர்றீங்க மதாம்?"

"இப்பவே 'செய்யாதே'ன்னு சொல்லி வச்சிட்டா அப்பறம் எனக்கு வேல மிச்சம். நீ அந்தக் காதோரத்தப் பாரு."

அம்மாக்கள் இதனால் பட்ட பாடு கொஞ்சமில்லை. சமைக்காத நாளில், சண்டை போட்ட நாளில், திடீரென்று வாசலில் ஒரு படை வந்து நிற்கும். அதற்குப் பயந்தே பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதல் நாளே பக்கத்து வீட்டில் சொல்லிவிடுவார்கள். அப்படியாவது அண்டை வீட்டுக்காரர்கள் பேசிக்கொள்ளட்டும் என்பதுதான் மதாமின் கணக்கோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

திருச்சபை என்றால் என்ன என்ற கேள்விக்குப் புத்தகத்தில் நீளமாக ஒரு பதில் இருந்தது. மதாம் அதையும் மனப்பாடம் செய்ய வைப்பார். பிறகு, "அது சாமியார் கேட்டா சொல்றது. நான் கேட்டா இன்னா சொல்லுவ?" என்பார். பிள்ளைகள் சேர்ந்து சொல்லும்: "ஒருத்தன் வரலன்னா, ஏன் வரலன்னு இன்னொருத்தனுக்குத் தெரியறது."

வெளியூரிலிருந்து பெரிய சாமியார் ஒருவர் வகுப்பைப் பார்க்க வந்து அந்தக் கேள்வியைக் கேட்டபோது, அந்தோணி குழப்பத்தில் மதாமின் பதிலைச் சொல்லிவிட்டான். பெரிய சாமியார் தாடியைத் தடவிக்கொண்டு, "அப்படியா? இன்னைக்கு யார் வரல?" என்று கேட்டார்.

"லூர்து, சாமி. கோயில் பின்னாடி ஓணான் புடிக்கிறான். நீங்க கேள்வி கேப்பீங்கன்னு பயம்."

பெரிய சாமியாரே எழுந்து போய் லூர்துவைக் கூட்டிவந்தார். ஓணானும் கூட வந்தது.

இன்னொரு முறை மானம் போனது திருவிழாப் பவனியில். புனிதர்களின் மன்றாட்டு மாலை நடந்துகொண்டிருந்தது. உபதேசியார் புனிதர்களின் பெயரை ஒவ்வொன்றாக இழுத்துப் பாடுவார், சனங்கள் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் பாடுவார்கள். "புனித அந்தோணியாரே" என்று உபதேசியார் பாடினார். எங்கள் அந்தோணி, சனங்கள் வாய் திறப்பதற்குள், "பிரெசான்" என்று கத்தினான். அடுத்து "புனித செசிலியே" வந்தது. செசிலியும் கத்தினாள். பின்னாலேயே சூசை கத்தினான், தெரசா கத்தினாள். பரலோகத்தில் பாதிப் பேர் நெல்லித்தோப்பில் இருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. பங்குச் சாமியார் சாதுவான மனிதர். அவரே அன்று கோபித்துக்கொண்டார்.

"பேரக் கூப்ட்டா பதில் சொல்றது மரியாததான சாமி" என்றார் மதாம். "புனிதருங்களுக்கு மட்டும் கேட்டா போதும்னா, அவ்ளோ சத்தமா ஏன் பாடறீங்க?"

கோயில் வேலை முடிந்த பிறகும் நான் போகவில்லை. மதாம் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு வெள்ளையடிக்கும் வேலை பிடித்துக் கொடுத்தார். அவர் வீட்டுக்கும் அடித்தேன். சுவரில் சிப்பாய் உடையில் ஒருவரின் படம் மாட்டியிருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து வியட்நாமில் சைகோனுக்குப் போன புதுச்சேரிக்காரர்களில் அவர் ஒருவர். மதாமும் கூடவே போய், பட்டாளத்துக் குடியிருப்பில் சில வருடம் இருந்திருக்கிறார். படத்தைக் கழற்றி வைக்கும்போது, "வூட்டுக்காரருங்களா?" என்று கேட்டேன்.

"ஆமா. அங்க தெனம் சாயங்காலம் பேரு கூப்புடுவாங்க. வராதவங்க எங்கன்னு கூட இருக்கறவங்க சொல்லணும். ஒரு நாளு இவரு பேரக் கூப்ட்டாங்க. நானும் வேலி ஓரமா நின்னு கேட்டுகினுதான் இருந்தேன். யாருக்கும் தெரியல. அடுத்த பேருக்குப் போயிட்டாங்க." சுவரைக் காட்டி, "அந்த மூலையில இன்னொரு பூச்சு போடு, திட்டு தெரியுது" என்றார்.

அந்த வருடம் புதுநன்மைக்கு இருந்தவர்களில் ஒருத்தி செலின். முதலியார்பேட்டைப் பக்கம் ஒரு சந்தில் வீடு. அவள் அம்மா மில்லில் வேலை பார்த்தார். வீட்டில் இருந்த ஆணுக்கு விழுப்புரத்தில் மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள். அதனால் செலினின் அம்மா பூசைக்கு வந்தால் கடைசித் தூணுக்குப் பின்னால் நிற்பார். நன்மைக்கு எழுந்து வர மாட்டார். பூசை முடிவதற்குள் போய்விடுவார். பங்குச் சனங்களில் யாரும் அவரைத் திட்டியதில்லை. அவர் வீட்டுக்கு யாரும் போனதில்லை, அவ்வளவுதான்.

புதுநன்மை அன்று பிள்ளைகள் ஜோடி ஜோடியாக மெழுகுவர்த்தி பிடித்து நடக்க வேண்டும். செலினுக்கு மட்டும் ஜோடி நிலைக்கவில்லை. மதாம் யாரை நிறுத்தினாலும், அடுத்த வாரமே அந்தப் பிள்ளையின் அம்மா வந்து, உயரம் பொருந்தவில்லை, வெயில் ஒத்துக்கொள்ளாது என்று ஏதாவது சொல்லி மாற்றிக்கொண்டு போவார். செலின் கையில் மெழுகுவர்த்தியோடு யாருடைய முகத்தையும் பார்க்காமல் நிற்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை "செலின்" என்று கூப்பிட்டதற்குப் பதில் இல்லை.

"எங்க?"

பிள்ளைகள் தரையைப் பார்த்தன. அவளோடு பேசக்கூடாது என்று பாதிப் பேருக்கு வீட்டில் சொல்லியிருந்தார்கள். மதாம் வழக்கத்தைவிட அதிக நேரம் காத்திருந்தார். பிறகு குடை உயர்ந்தது.

கதவைத் திறந்த செலினின் அம்மா, வாசலில் இருந்த வரிசையைப் பார்த்ததும் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டார்.

"யாராவது செத்துட்டாங்களா மதாம்?"

"இல்லம்மா. செலின் வரல. ஏன் வரலன்னு கேக்க வந்தோம்."

அந்த அம்மா கதவை விரியத் திறந்து ஒதுங்கி நின்றார். உள்ளே செலின் இரண்டு கன்னமும் வீங்கி, மஞ்சள் பற்றுப் போட்டுப் படுத்திருந்தாள். பொன்னுக்கு வீங்கி. பிள்ளைகள் உள்ளே போய் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டன. சுவரைப் பார்த்த அந்தோணி, "இவங்க வூட்லயும் இருதய ஆண்டவரு படம் மாட்டியிருக்காங்கடா" என்று லூர்துவிடம் ஆச்சரியமாகச் சொன்னான். விருந்தாளி வந்து பழக்கமில்லாத வீடு. அவசரத்தில் அந்த அம்மா ஒரே தம்ளரில் ஒவ்வொருவருக்கும் தண்ணீர் கொடுத்தார். எல்லோரும் குடித்தோம்.

அடுத்து வந்த வாரங்களில் வகுப்பில் பாதிக்குக் கன்னம் வீங்கியது.

அம்மாக்கள் திரண்டு சாமியாரிடம் போனார்கள். முன்னால் நின்றவர் செசிலியின் அம்மா. மதாமையும் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"நோவு இருக்கிற வீட்டுக்குப் புள்ளைங்கள இஸ்துகினு போலாமா மதாம்?"

"போனது தப்புதான். ஒனக்கு நோவுக்கு பயமா, வீட்டுக்கு பயமா?"

செசிலியின் அம்மா பொய் சொல்லத் தெரியாதவர். "ரெண்டுக்கும்தான்" என்றார்.

சாமியார் நடுவில் புகுந்தார். "ஒண்ணு செய்யலாம் மதாம். செலினுக்கு வேறொரு நாள், வார நாள் பூசையில தனியா நன்ம குடுத்துடறேன். யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல."

"தனியா வாங்கறதுக்கு நான் ஒரு வருசமா சொல்லித் தரல சாமி" என்று சொல்லிவிட்டு மதாம் வெளியே வந்துவிட்டார்.

அந்த ஞாயிறு தாழ்வாரத்தில் இரண்டே பேர்தான் உட்கார்ந்திருந்தோம், வீக்கம் வடிந்த செலினும் நானும். மதாம் எப்போதும் போல குடையோடு நின்று முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தார்.

"அந்தோணி."

அவன் உட்காருகிற இடம் காலியாக இருந்தது. "எங்க?" என்றார், எங்களைப் பார்க்காமல்.

செலின் எழுந்தாள். "வீட்ல இருக்கான் மதாம். வீக்கம் வடிஞ்சிடுச்சு. நேத்து கோலி ஆடினான். அவங்க அம்மா வுடல."

"லூர்து."

"வீட்ல. இன்னும் ஒரு கன்னம் பாக்கி."

"செசிலி."

"ஜன்னல்கிட்ட நிக்கிறா மதாம். கை காட்னா. அப்பறம் அவங்க அம்மா ஜன்னல சாத்திட்டாங்க."

இப்படி ஒவ்வொரு பெயருக்கும் செலினே பதில் சொன்னாள். அவளோடு யாரும் பேசியிருக்கவில்லை. மதாம் கேட்பார் என்று தெரிந்து, வருகிற வழியில் ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். கடைசியில் "சுண்ணாம்பு" என்றார். என் "பிரெசான்" சுவரில் இடித்துத் திரும்பி வந்தது.

மதாம் குடையைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் ஊன்றினார். அதைக் கைத்தடியாக அவர் பயன்படுத்தி நான் பார்த்தது அன்றுதான். பிறகு "கெளம்புங்க" என்றார்.

"எங்கன்னு தெரிஞ்சிட்டா போகத் தேவ இல்லயே மதாம்" என்றாள் செலின்.

"தேவ இல்லதான். நின்னு நின்னு எனக்குக் கால் மரத்துப் போச்சு. நடந்தா சரியாயிடும்."

மூன்று பேர் வரிசையாக நடந்தோம். அந்தோணி வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. மதாம் தட்டவில்லை. தெருவில் நின்று, வகுப்பில் கூப்பிடுகிற அதே குரலில், "அந்தோணி" என்றார்.

"பிரெசான்" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. கூடவே முதுகில் ஓர் அடி விழுந்த சத்தமும், அடித்தவர் அடக்க முடியாமல் சிரித்த சத்தமும் கேட்டன. கதவு திறந்தது. லூர்து பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தான். அவனுடைய "பிரெசான்" சோப்பு நுரையோடு வந்தது. பெயரைக் கேட்டால் வாய் தானாகத் திறக்கும்படி பிள்ளைகளை மதாம் பழக்கியிருந்தார். அம்மாக்கள் கதவைத்தான் சாத்தியிருந்தார்கள், வாயைச் சாத்த மறந்துவிட்டார்கள். சோடா கம்பெனி வருவதற்குள் எங்கள் பின்னால் நீளமாக ஒரு வரிசை. சில அம்மாக்களும் என்னதான் நடக்கிறது பார்க்கலாம் என்று கூடவே வந்தார்கள்.

செசிலியின் அம்மா விவரமானவர். சத்தம் கேட்டு முன்கூட்டியே வாசலுக்கு வந்து, மகளின் வாயை ஒரு கையால் பொத்திக்கொண்டு நின்றார்.

"செசிலி" என்றார் மதாம்.

பதில் இல்லை. செசிலியின் கண் இரண்டும் பிதுங்கின.

"எங்க?"

செலின் வரிசையிலிருந்து ஓரடி முன்னால் வந்தாள். சிரிக்காமல், வகுப்பில் சொல்கிற மாதிரியே சொன்னாள்: "வீட்லதான் இருக்கா மதாம். அவங்க அம்மா வாயப் பொத்திகினு இருக்காங்க."

சோடா ஏற்றிக்கொண்டிருந்த ஆள் முதலில் சிரித்தார். பிறகு தெருவே சிரித்தது. செசிலியின் அம்மா உதட்டைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை. சிரிப்பில் கை தளர்ந்தது, அத்தனை நேரம் அடைத்து வைத்திருந்த "பிரெசான்" வெடித்துக்கொண்டு வெளியே வந்தது.

"போய்த் தொலடி" என்றார் அந்த அம்மா, மகளை முதுகில் தள்ளி. பிறகு செலினை மேலும் கீழும் பார்த்தார். "ரெண்டுத்துக்கும் ஒண்ணு மாதிரிதான வீங்கிச்சு. ஜோடியாவே நடந்து தொலைங்க."

புதுநன்மை அன்று செலினும் செசிலியும் ஒரு ஜோடி. நானும் லூர்துவும் ஒரு ஜோடி. நான் குனிந்து குனிந்து நடந்ததில் என் மெழுகுவர்த்தி மெழுகு எல்லாம் அவன் சட்டையில். மதாம் அன்று பிள்ளைகளோடு முன்னால் நிற்கவில்லை. கடைசித் தூணுக்குப் பின்னால் போய், செலினின் அம்மா பக்கத்தில், குடையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா அன்று பூசை முடிகிறவரை போகவில்லை.

சில வாரங்களில் எனக்குக் கால் அரித்தது. எப்போதும் போல ஒருவரிடமும் சொல்லாமல் ஒரு லாரியில் ஏறிவிட்டேன். கர்னூல், பெல்லாரி, இடையில் ஓட்டல் வேலை, கிணறு வெட்டும் வேலை, ஒரு மஞ்சள் காமாலை. திரும்பப் புதுச்சேரி வந்தபோது எண்பதுகளில் பாதி ஓடியிருந்தது. சோடா கம்பெனி இருந்த இடத்தில் சைக்கிள் ஸ்டாண்டு வந்திருந்தது.

ஞாயிறு காலையில் பையோடு தாழ்வாரத்து ஓரமாகப் போய் நின்றேன். மதாம் இப்போது நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குடை மடியில் கிடந்தது. கண் சரியாகத் தெரியவில்லை போல. பிள்ளைகளில் ஒரு முகமும் எனக்குத் தெரியாது. பெயர்கள் புதிது, ஆனால் அதே தெருதான் நடந்தது. தெரு முடிகிற இடம் வந்தது.

"சுண்ணாம்பு" என்றார் மதாம்.

இரட்டை ரிப்பன் கட்டிய சின்னப் பெண் ஒருத்தி எழுந்தாள். "ஊர் சுத்தப் போயிருக்காரு மதாம். சொல்லிட்டுப் போகல. வருவாரு." செபம் சொல்கிற ராகத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். நான் போனபோது அவள் பிறந்திருக்கவே மாட்டாள்.

"பிரெசான்" என்றேன்.

பிள்ளைகள் மொத்தமும் திரும்பின. அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். அவளுக்குச் சந்தோஷமில்லை.

"மதாம், இவரு வந்துட்டா இனிமே நான் இன்னா சொல்றது?"

மதாம் என் பக்கம் திரும்பவே இல்லை. "கொஞ்ச நாளு சும்மா இரு. மறுபடி போவான்."

மதாம் சொன்னால் தப்பாது. கோடை தொடங்கியதும் நெல்லூர்ப் பக்கம் ஒரு செங்கல் சூளைக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டேன். கிளம்புவதற்கு முன் வகுப்பு முடிகிறவரை காத்திருந்து, அந்த ரிப்பன் பெண்ணைக் கூப்பிட்டேன்.

"நெல்லூருக்குப் போறேன். செங்கல் சூளைல வேல."

உதடு அசைத்து மனப்பாடம் செய்துகொண்டாள். "எப்ப வருவீங்க?"

"தெரியலயே."

"அப்டிலாம் சொல்ல முடியாது. மதாம் ஒத்துக்க மாட்டாங்க."

"சரி, மழைக்கு முன்னாடின்னு சொல்லு."

தலையாட்டிவிட்டு ஓடிப்போனாள். அந்த வருடம் மழைக்கு முன்னால் திரும்பி வந்தேன். சொன்ன நேரத்துக்கு ஓரிடத்துக்கு நான் போய்ச் சேர்ந்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.